கல்லூரிப் பாடத்துக்கு வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப்: ஒரு பருவம் முழுவதற்குமான வழிகாட்டி

கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு ஒரு தாளைக் கற்பிக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. வகுப்பில் ஏறத்தாழ அறுபது மாணவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோரிடம் ஆண்ட்ராய்டு கைபேசி இருக்கிறது, வளாகத்து வைஃபையை நம்பி எதையும் திட்டமிட முடியாது என்ற சூழலுக்கு ஏற்பவே ஒவ்வொரு படியும் சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பொருளியலிலிருந்து எடுக்கப்பட்டவை. பிற பாடங்களுக்கும் படிகளின் வரிசை இதுவே.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பலர் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவைத் திறந்து எல்லோரையும் சேர்த்துவிட்டு, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று பிறகு யோசிக்கிறார்கள். சில வாரங்களிலேயே பிறந்தநாள் வாழ்த்துகளும் ஃபார்வர்டுகளும் நிரம்பி, பாடக்குறிப்பைத் தேடி மேலே மேலே தள்ள வேண்டிய நிலை வருகிறது. இங்கே செயலியைத் திறப்பது நான்காவது படி. முதல் மூன்றையும் முடிக்காமல் அதற்குப் போக வேண்டாம்.

1. ஒவ்வொரு வேலைக்கும் ஓரிடம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தப் பருவத்தில் சமூக ஊடகம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். பெரும்பாலும் அவை மூன்றுக்குள் அடங்கும்: அறிவிப்பு, பாடப்பொருளைச் சேர்த்து வைத்தல், கலந்துரையாடல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு இடத்தின் பெயரை எழுதுங்கள். நான் பரிந்துரைக்கும் பங்கீட்டில், அறிவிப்பும் கலந்துரையாடலும் வாட்ஸ்அப்பில் தனித்தனிக் குழுக்களாகவும், பாடப்பொருள் டெலிகிராமில் தனிப்பட்ட சேனலாகவும், காணொலிகள் யூடியூபிலும் இருக்கும்.

பாடப்பொருளுக்கு டெலிகிராமைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேனலில் தாமதமாகச் சேரும் மாணவரும் முதல் நாளிலிருந்து போடப்பட்ட எல்லாவற்றையும் பார்க்கலாம். கோப்புகள் சேனலிலேயே இருப்பதால், கைபேசியை மாற்றியவரும் நினைவகம் நிறைந்து அழித்தவரும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். சேனலில் உள்ள மற்ற மாணவர்களின் பட்டியலை உறுப்பினர்கள் பார்க்க முடியாது என்பது இன்னொரு நன்மை.

மதிப்பெண், வருகைப்பதிவு, அசைன்மென்ட் சமர்ப்பிப்பு ஆகிய மூன்றையும் சமூக ஊடகத்துக்கு வெளியே வையுங்கள். இவை கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் போன்ற வகுப்பு மேலாண்மைத் தளம் ஒன்றில் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் காகிதத்தில் இருக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண் குறித்துப் பருவ முடிவில் கேள்வி எழும்போது, யார் எப்போது சமர்ப்பித்தார் என்பதைக் காட்ட ஒழுங்கான பதிவு தேவைப்படும். யார் வேண்டுமானாலும் தம் செய்தியை அழித்துவிடக்கூடிய அரட்டைப் பக்கம் அதற்கு உதவாது. டெலிகிராமின் சாதாரண உரையாடல்களுக்கு முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பாதுகாப்பு) இல்லை என்பதாலும் மதிப்பெண் பட்டியலை அங்கே போடக்கூடாது.

2. மாணவர்களிடம் காகிதத்தில் கேளுங்கள்

முதல் வாரத்தில் வகுப்பிலேயே ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். கைபேசி உங்களுடையதா, வீட்டில் உள்ளவர்களோடு பகிர்ந்துகொள்வதா? ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி டேட்டா? எந்த நேரத்தில் கைபேசி கையில் இருக்கும்? உங்கள் எண்ணை வகுப்பில் எல்லோரும் பார்ப்பதில் தயக்கம் உண்டா? தமிழில் தட்டச்சு செய்ய வருமா?

இதைக் கூகுள் படிவத்தில் கேட்கும் ஆசிரியர்கள், எல்லோரிடமும் வசதி இருக்கிறது என்ற முடிவுக்கே வருகிறார்கள். கைபேசி இல்லாதவரும் டேட்டா தீர்ந்தவரும் அந்தப் படிவத்தை நிரப்புவதே இல்லை என்பதால் கணக்கு அப்படித்தான் வரும். காகிதத்தில் கேட்டால்தான் தம்பியின் ஆன்லைன் வகுப்பு முடிந்த பிறகு கைபேசி கிடைக்கும் மாணவியும், விடுதியில் குறிப்பிட்ட நேரம் மட்டுமே கைபேசி தரப்படும் மாணவரும் உங்கள் கண்ணில் படுவார்கள்.

இந்த விடைகளே உங்கள் கால அட்டவணையை முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு மாலையில் டேட்டா குறைந்திருக்கும். ஆகவே காணொலிகளைக் காலையில் போடுவது நல்லது. நான்காம் கேள்விக்கு ஒருவர் மட்டும் ‘தயக்கம் உண்டு’ என்று எழுதினாலும் அதை மதிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும் என்பதால், சேர்ந்த அன்று இரவே மாணவிகளுக்கு அறியாத எண்களிலிருந்து செய்தி வருவது நடக்கிற ஒன்றுதான். அப்படி எழுதியவர்களுக்கு டெலிகிராம் சேனல் மட்டும் போதும் என்று சொல்லி, அறிவிப்புகளை அங்கும் போடுங்கள்.

3. அனுமதியும் விதிகளும்

துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, எந்தத் தாளுக்கு, எந்தச் செயலியில், எவ்வளவு காலத்துக்கு என்று தெரிவித்து ஒப்பம் பெறுங்கள். பின்னால் புகார் ஏதும் வந்தால், இது ஆசிரியரின் தனிப்பட்ட குழு அன்று, துறையின் அறிவோடு நடந்த பாடப்பணி என்பதற்கு அந்தக் கடிதமே சான்று.

முதலாமாண்டு வகுப்பில் 17 வயதினர் இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே அந்த மாணவர்களுக்கு ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். படிவத்தில் எண் எதற்குப் பயன்படும், எப்போது நீக்கப்படும் என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

பிறகு குழு விதிகளை எழுதுங்கள். நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஏழெட்டு வரி போதும். செய்தி அனுப்பும் நேரம் காலை 7 முதல் இரவு 8 வரை. கேள்விக்கு ஒரு வேலைநாளுக்குள் பதில் வரும், உடனே வராது. பாடம் தொடர்பில்லாத ஃபார்வர்டு கூடாது. தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்த நடை எதில் வேண்டுமானாலும் எழுதலாம், எழுத்துப்பிழைக்கு யாரையும் யாரும் கேலி செய்யக்கூடாது. குழுவில் உள்ளவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே பகிரக்கூடாது. ஆசிரியரும் மாணவரும் இரவில் தனிச்செய்தியில் உரையாடுவதில்லை.

கடைசி விதியை ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். அது மாணவரையும் காக்கிறது, ஆசிரியரையும் காக்கிறது. தனிச்செய்தியில் பாடச்சந்தேகம் வந்தால், கேட்டவரின் பெயரைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் குழுவில் வைத்து அங்கே விடை சொல்லுங்கள். ஒருவர் கேட்டதை இன்னும் பத்துப் பேர் கேட்காமல் வைத்திருப்பார்கள்.

விதிகளை வகுப்பில் வாசித்து, மாணவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்து, வகுப்புப் பிரதிநிதிகள் இருவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

4. குழுவையும் சேனலையும் அமைத்தல்

முதலில் உங்களுக்கென ஒரு தனி எண்ணை ஏற்பாடு செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் ஒரே செயலியில் இரண்டு கணக்குகளை அனுமதிக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இரண்டாவது எண்ணுக்குப் பயன்படுத்தினால், இரவு 8 மணிக்குப் பிறகு வரும் தனிச்செய்திக்கு ‘நாளை காலை பதிலளிக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலையும் அமைக்கலாம். குடும்பப் படங்கள் உள்ள ஸ்டேட்டஸும் மாணவர்களின் பட்டியலும் ஒரே எண்ணில் இருப்பது நாளடைவில் இரு பக்கமும் சங்கடம் தரும்.

அறிவிப்புக் குழுவில் ‘நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம்’ என்ற அமைப்பை உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு முன்பே இயக்குங்கள். சேர்த்த பிறகு இயக்கினால், அதற்குள் அறுபது ‘நன்றி சார்’ வந்திருக்கும். விதிச்செய்தி அவற்றுக்கு அடியில் போய்விடும். புதிய உறுப்பினர்களை நிர்வாகி ஏற்க வேண்டும் என்ற அமைப்பையும் இயக்கி, எல்லோரும் சேர்ந்த அன்றே அழைப்பு இணைப்பை ரீசெட் செய்யுங்கள். பழைய இணைப்பு எந்த எந்தக் குழுவுக்குப் போயிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

நிர்வாகியாக உங்களோடு இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். ஒரே நிர்வாகி வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே வேறோர் உறுப்பினரை நிர்வாகியாக்கிவிடும். மாணவப் பிரதிநிதியை நிர்வாகியாக்குவது வேலையைக் குறைக்கும் என்று தோன்றும். ஆனால் சக மாணவரின் செய்தியை நீக்குவதா விடுவதா என்ற பொறுப்பை அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் மூன்று செய்திகள் வரை ‘பின்’ (pin) செய்து மேலே நிறுத்தலாம். விதிகள், டெலிகிராம் சேனலின் இணைப்பு, அந்த வாரத்து வேலை ஆகியவை அந்த மூன்றாக இருக்கட்டும். அப்படி நிறுத்திய செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும் என்பதால் மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

டெலிகிராம் சேனலைத் தனிப்பட்டதாகத் திறந்து, மாணவர்களை அழைப்பு இணைப்பு மூலம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும் முன் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் டெலிகிராம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மாற்ற வேண்டும். இதை வகுப்பில், எல்லோரும் கைபேசியைக் கையில் வைத்திருக்கும்போது, ஒன்றாகச் செய்துவிடுங்கள். வீட்டில் செய்துகொள்ளச் சொன்னால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள்.

5. பாடப்பொருளைத் தயாரித்தல்

கோப்பின் பெயரிலிருந்து தொடங்குங்கள். ‘ஸ்கேன் 0047’ என்று வரும் பிடிஎஃப் தேர்வுக்கு முந்தைய இரவில் யாருக்கும் கிடைக்காது. ‘அலகு 2 – தேவை நெகிழ்ச்சி – குறிப்பு 1’ என்று பெயரிட்டால், சேனலில் ‘அலகு 2’ என்று தேடினாலே அந்த அலகுக்குரியவை எல்லாம் வரும். கரும்பலகைப் படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

யூடியூபில் ஏற்றும் காணொலியை ‘பட்டியலிடப்படாதது’ என்று அமையுங்கள். இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம், தேடலில் வராது. ‘தனிப்பட்டது’ என்று அமைத்தால் ஒவ்வொரு மாணவரின் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டியிருக்கும். ‘குழந்தைகளுக்கானது’ என்ற கேள்விக்குத் தவறுதலாக ஆம் என்று சொன்னால் கருத்துப் பகுதி மூடப்பட்டுவிடும். கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதி செய்யாதவரை 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொலியை ஏற்ற முடியாது. இருந்தாலும் ஒரு கருத்துக்கு ஏழெட்டு நிமிடம் என்று பிரிப்பதே மாணவருக்கு நல்லது. நீளமான காணொலி தவிர்க்க முடியாததென்றால், விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக்குறிகளைத் தலைப்போடு எழுதினால் அத்தியாயங்களாகப் பிரிந்து காட்டும்.

எல்லாவற்றையும் நீங்களே பதிவு செய்ய வேண்டியதில்லை. ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் திட்டத்தின் காணொலிப் பாடங்கள் யூடியூபிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேர விரிவுரையின் இணைப்பை வெறுமனே போட்டுவிட்டுப் போவது பயன் தராது. ‘12ஆம் நிமிடத்திலிருந்து 19ஆம் நிமிடம் வரை பாருங்கள், அதில் வரும் வரைபடத்தில் கோடு ஏன் செங்குத்தாக இருக்கிறது என்று எழுதி வாருங்கள்’ என்று பகுதியையும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குரல்பதிவு அனுப்பும் ஆசிரியர்கள் அதனுடன் இரண்டு வரி எழுத்துச் சுருக்கத்தையும் சேர்க்க வேண்டும். குரலுக்குள் தேட முடியாது. காது கேளாத மாணவருக்கு அது எட்டவே எட்டாது.

பதிப்புரிமையைப் பற்றி ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் செய்யும் மறுபதிப்புக்கு விலக்கு அளிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல், பாடத்துக்காக நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதை அந்த விலக்கின்கீழ் ஏற்றது. அதைக் கொண்டு முழு நூலின் பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் சேரும் சேனலில் போடலாம் என்று எண்ணிவிடக்கூடாது. தேவையான அத்தியாயத்தை, உங்கள் வகுப்பு மட்டும் உள்ள இடத்தில், நூலின் பெயரையும் பக்க எண்களையும் குறிப்பிட்டுப் பகிருங்கள்.

6. கலந்துரையாடலை நடத்துதல்

இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி இது. பெரும்பாலான குழுக்கள் தோற்றுப்போவதும் இங்கேதான். ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை. தனக்கு என்ன தெரியவில்லை என்பதை அறுபது பேர் முன்னிலையில் எழுத்தில் ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ‘நெகிழ்ச்சி என்றால் என்ன?’ என்று (விலை மாறும் விகிதத்தோடு ஒப்பிட்டால் வாங்கும் அளவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதே அது) கேட்டால், முதலில் வரும் விடை இணையத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும், மற்றவை அதன் நகலாக இருக்கும்.

மாணவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். ‘தக்காளி கிலோ 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்கு ஏறினால், உங்கள் வீட்டில் வாரத்துக்கு வாங்கும் அளவு எவ்வளவிலிருந்து எவ்வளவாகும்? அம்மாவிடம் கேட்டு எழுதி, தேவையின் விலை நெகிழ்ச்சியைக் கணக்கிடுங்கள்.’ இதை நகலெடுக்க வழியில்லை.

விடைகள் வரும்போது பாடம் தானாகவே விரியும். இரண்டு கிலோ ஒன்றரைக் கிலோவாகக் குறைந்த வீட்டைச் சேர்ந்த இருவர் கணக்கிட்டால், தொடக்க விலையை அடிப்படையாகக் கொண்டவருக்கு 0.25 வரும், தொடக்க, இறுதி மதிப்புகளின் சராசரியை அடிப்படையாகக் கொள்ளும் நடுப்புள்ளி முறையில் செய்தவருக்கு ஏறத்தாழ 0.43 வரும். இருவருமே தவறு செய்யவில்லை. எது சரி என்று நீங்கள் உடனே சொல்லிவிடாமல், இரண்டு கணக்கையும் அருகருகே வைத்து ‘ஒரே வீடு, ஒரே தக்காளி, எண் ஏன் மாறுகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். உணவகம் நடத்தும் குடும்பத்து மாணவர் ‘எங்களுக்கு அளவே குறையவில்லை’ என்று எழுதும்போது நெகிழ்ச்சி சுழியாவதும், அதற்கான காரணமும் வகுப்பில் நீங்கள் சொல்லாமலே வந்து சேரும்.

முதல் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்க, குழுவை வழக்கமாக மூடியே வையுங்கள். செவ்வாய் காலை கேள்வியைப் போடுங்கள். மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதட்டும். மாலை 7 மணிக்குக் குழுவைத் திறந்து, 8 மணிக்கு மூடுங்கள். நேர எல்லை இருப்பதால் ஆசிரியருக்கும் நாள் முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கைபேசி கிடைக்காதவர் மறுநாள் குறிப்பேட்டை வகுப்பில் காட்டலாம் என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் ஒரே மாலையில் எழுதினால் எதையும் படிக்க முடியாது. வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு மாணவர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 1, 2 என்று முடிபவர்கள், அடுத்த வாரம் 3, 4 என்று முடிபவர்கள் விடை எழுத வேண்டும். மற்றவர்கள் ஏதேனும் ஒரு விடைக்கு ‘ரிப்ளை’ வசதியைப் பயன்படுத்தி மறுமொழி தரலாம். அறுபது பேர் வகுப்பில் வாரம் பன்னிரண்டு பேர் எழுதுவார்கள். ஐந்து வாரத்தில் ஒருவர் விடாமல் எழுதியிருப்பார்கள். எப்போதும் எழுதும் நான்கைந்து பேருக்குள் குழு சுருங்கிப்போவதற்கு இதைவிட எளிய மருந்தை நான் கண்டதில்லை.

புரிதலைச் சோதிக்க டெலிகிராமின் வினாடிவினா வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதைத் தேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கெட்டிக்கார மாணவர் எதைத் தொட்டாரோ அதையே மற்றவர்களும் தொடுவார்கள். டெலிகிராம் சேனலில் வாக்கு பெயரின்றி இருக்கும். தவறாகத் தேர்ந்தவருக்குக் காட்டும் விளக்கத்துக்கு 200 எழுத்துகளே இடம் உண்டு. தமிழில் ‘கா’ போன்ற ஓர் உயிர்மெய் இரண்டாக எண்ணப்படுவதால் ஓரிரு வரிக்குள் முடியுங்கள். நாற்பது சதவீதம் பேர் ஒரே தவறான விடையைத் தேர்ந்திருந்தால், மறுநாள் வகுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

குழுவில் எத்தனை செய்தி எழுதினார் என்பதற்கு மதிப்பெண் தராதீர்கள். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால் ‘ஆமாம் சார்’ என்பதும் ஒரு செய்தியாகிவிடும். கைபேசி இல்லாதவர் தம் குற்றமின்றி மதிப்பெண் இழப்பார். நீல டிக்கைப் பார்த்து ‘படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய்’ என்று கேட்பதும் கூடாது. குழுச்செய்திகளில் அந்தக் குறியை அணைக்க மாணவருக்கு வழியே இல்லை. செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதுமில்லை.

7. வாரச் சுழற்சி

திங்கள் காலை பாடப்பொருள், செவ்வாய் மாலை கலந்துரையாடல், வியாழன் வினாடிவினா, வெள்ளி பிற்பகல் அந்த வாரத்தின் சுருக்கம் என்று நாளை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பும் வசதி வரும்; ஞாயிறன்றே வாரம் முழுவதற்கும் ஏற்பாடு செய்துவிடலாம். வெள்ளிச் சுருக்கத்தை அச்செடுத்துத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

8. சிக்கல் வரும்போது

நவம்பர் பருவத்தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வரும். அப்போது ‘தேர்வு ஒத்திவைப்பு’ என்று போலிச் சுற்றறிக்கைகள் குழுக்களில் பரவும். சென்ற ஆண்டுச் சுற்றறிக்கையின் தேதிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பகிர்வதும் உண்டு. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே பார்த்து, அந்தப் பக்கத்தின் இணைப்போடு அறிவிப்புக் குழுவில் வருவது மட்டுமே செல்லும் என்று ஜூலையிலேயே சொல்லி வையுங்கள். மழை தொடங்கிய பிறகு சொன்னால் அந்தச் செய்தியும் வதந்திகளுக்கு நடுவே போய்விடும்.

யாரேனும் இழிவாக எழுதினால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு நிர்வாகி உரிமையால் செய்தியை நீக்குங்கள். வரிசை மாறினால் சான்று போய்விடும். குழுவுக்குள் விசாரணை நடத்த வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் அது கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவுக்குப் போக வேண்டும். மூத்த மாணவர்கள் தனிக்குழு தொடங்கி முதலாமாண்டு மாணவர்களை மிரட்டினால், யுஜிசியின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகளின்படி அமைந்த குழுவுக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவரிடம் நீங்கள் நேரில் பேசி, புகார் எழுத உதவுங்கள்.

9. பருவம் முடிந்ததும்

தேர்வு முடிந்த மறுநாளே கலந்துரையாடல் குழுவை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். மீடியா இல்லாமல் உரையாடலை ஏற்றுமதி செய்து, நல்ல கேள்விகளையும் மாணவர்கள் தடுமாறிய இடங்களையும் பெயர்களின்றித் தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு அது தேவைப்படும்.

பாடப்பொருள் சேனலை உடனே மூட வேண்டாம். அரியர் எழுதும் மாணவர்களுக்கு அடுத்த பருவத் தேர்வு வரை அது வேண்டியிருக்கும். தேர்வு முடிவுகள் வந்து, அகமதிப்பீடு குறித்த முறையீடுகளுக்கான காலமும் கடந்த பிறகு, வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எல்லோரையும் நீக்கி, உங்கள் கைபேசியில் சேமித்த மாணவர் எண்களையும் அழித்து, ஒப்புதல் படிவங்களைத் துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதே குழுவின் பெயரை மாற்றி அடுத்த தொகுதி மாணவர்களைச் சேர்க்காதீர்கள். புதிய வகுப்புக்குப் புதிய துண்டுத்தாளோடு இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.